சார்ஜ் ஏன் மெதுவாக ஏறுகிறது என்று வண்டிக்குத் தெரியும், ஓட்டுபவருக்குத் தெரியாது: மின்சார கார் நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: நெடுந்தூரப் பயணத்தில் டிசி (நேர்மின்னோட்ட) வேக சார்ஜிங் குறைவது, காரணத்தைத் திரையில் காட்டாதது, சர்வீஸ் சென்டர் "பழுது இல்லை" என்று எழுதிப் புகாரை முடித்துவிடுவது – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் 60 யூனிட் பேட்டரி மாடலை வைத்திருக்கும் வாடிக்கையாளர் நான். 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்கு 28 நிமிடம் என்று விளம்பரக் கையேட்டில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். நெடுஞ்சாலையில் அதே சார்ஜுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது, சில இடங்களில் ஒரு மணி நேரத்தையும் தாண்டுகிறது. சர்வீஸ் சென்டரில் கொடுத்த புகாரை "பரிசோதித்தோம், பிழைக் குறியீடு இல்லை, சார்ஜரில் கோளாறு இருக்கலாம்" என்ற ஒற்றை வரியோடு மூடிவிட்டார்கள். சார்ஜிங் நிலையத்தாரைக் கேட்டால், "வண்டி கேட்டதைக் கொடுத்தோம்" என்கிறார்கள்.

சார்ஜிங் வேகம் குறைய நியாயமான காரணங்கள் பல உண்டு. அவற்றில் சில இயற்பியல் சார்ந்தவை, உங்களால்கூட மாற்ற முடியாது. அதற்காக உங்கள்மேல் சண்டைக்கு வரவில்லை. எந்தக் காரணத்தால் குறைகிறது என்பது வண்டியின் கணினிக்கு அந்த நொடியிலேயே தெரிகிறது, அதை நீங்கள் ஓட்டுபவரிடமிருந்து மறைக்கிறீர்கள். என் புகார் அதுதான்.

முதலில் அந்த 28 நிமிடக் கணக்கைப் பார்ப்போம். 60 யூனிட்டில் 70 சதவீதம் என்பது 42 யூனிட். அதை 28 நிமிடத்தில் ஏற்றச் சராசரியாக 90 கிலோவாட் வேண்டும். 80-ஐ நெருங்க நெருங்க வேகம் தானாகவே இறங்கிவிடும் என்பதால், தொடக்கத்தில் 130 கிலோவாட்டுக்கு மேல் ஏறினால்தான் இந்தச் சராசரி கிடைக்கும். வண்டியில் இருப்பது 400 வோல்ட் வகை பேட்டரி. சார்ஜ் குறைவாக இருக்கும் நிலையில் அதன் மின்னழுத்தம் சுமார் 360 வோல்ட். 360 வோல்ட்டில் 130 கிலோவாட் எடுக்க 361 ஆம்ப் தேவை. விளம்பரத்துக்கு உயிர்நாடியான இந்த எண் கையேட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

சார்ஜர் பெட்டியில் எழுதியிருப்பதோ கிலோவாட். கேபிளின் தடிமன் தீர்மானிப்பது ஆம்ப். திரவக் குளிர்விப்பு இல்லாத சிசிஎஸ் (டிசி வேக சார்ஜிங்குக்கான ஓர் இணைப்பு முறை) கேபிள் பெரும்பாலும் 200 ஆம்புக்கு மேல் தாங்காது. 150 கிலோவாட் என்று ஒட்டிய பெட்டியில் அப்படியொரு கேபிள் தொங்கினால், அந்த 150 கிலோவாட் 750 வோல்ட்டில் வாங்கும் வண்டிக்குத்தான் கிடைக்கும். இந்த வண்டிக்கு 360 பெருக்கல் 200, அதாவது 72 கிலோவாட். பேட்டரியின் மின்னழுத்தம் ஏற ஏறச் சற்றே கூடும், ஆனால் எவ்வளவு நேரம் நின்றாலும் 150 வராது. சார்ஜரும் சரி, வண்டியும் சரி, இரண்டிலும் பழுது கிடையாது. உங்கள் வண்டியில் உள்ள வரைபடம் நிலையங்களைக் கிலோவாட் எண்ணை மட்டும் வைத்து வரிசைப்படுத்துவதால், 500 ஆம்ப் குளிர்விப்புக் கேபிள் உள்ள நிலையத்தைத் தாண்டிப் போகவைத்து 200 ஆம்ப் நிலையத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. இரட்டைக் கன் (வண்டியில் செருகும் கேபிள் முனை) உள்ள பெட்டிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. பக்கத்துக் கன்னில் ஒரு வண்டி செருகியதும் உள்ளே மின்சாரம் தரும் மாட்யூல்கள் இரண்டு கன்களுக்கும் பங்கு பிரிந்து, 120 கிலோவாட் பெட்டி நமக்கு 60 கிலோவாட் பெட்டியாகிவிடும்.

அடுத்தது பேட்டரியின் வெப்பநிலை. குளிர்ந்த செல்லுக்குள் வேகமாக மின்சாரத்தைத் திணித்தால் லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழைய நேரமின்றி அதன் மேல் உலோகமாகப் படியும். அது நிரந்தரச் சேதம். ஆகவே பேட்டரி மேலாண்மை அமைப்பு மின்னோட்டத்தைக் குறைப்பது சரியான செயல்தான். அதற்குத்தான் முன்கூட்டியே சூடேற்றும் வசதியையும் வைத்திருக்கிறீர்கள். ஆனால் அந்த வசதி, வண்டியின் சொந்த வரைபடத்தில் ஒரு சார்ஜிங் நிலையத்தைச் சேருமிடமாகத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே வேலை செய்கிறது. ஃபோனை இணைத்து அதன் வரைபடத்தில் வழி பார்த்துப் போனால் வேலை செய்வதில்லை. உங்கள் பட்டியலில் இன்னும் ஏறாத புது நிலையத்துக்குப் போனாலும் அதே கதை. ஓட்டுபவரே தொட்டு இயக்க ஒரு பொத்தான் கிடையாது.

தேர்ந்தெடுத்தாலும் நேரம் போதாமல் போகலாம். 400 கிலோ எடையுள்ள பேட்டரியை 20 டிகிரி உயர்த்தச் சுமார் 2 யூனிட் வெப்பம் வேண்டும். 5 கிலோவாட் ஹீட்டர் அதைச் செய்ய ஏறக்குறைய அரை மணி நேரம் எடுக்கும். நிலையத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அதைத் தேர்ந்தெடுத்தால் வேலை மூன்றில் ஒரு பங்குதான் முடிந்திருக்கும். இந்த எளிய கணக்கு பயனர் கையேட்டில் இல்லை. "சார்ஜிங் அனுபவம் மேம்படும்" என்ற வாசகம் மட்டும் இருக்கிறது.

கோடையில் சிக்கல் தலைகீழாகும். வேகமாக ஓட்டி வந்த சூட்டோடு ஒருமுறை டிசி சார்ஜ், மறுபடி ஓட்டம், மறுபடி சார்ஜ் என்று போனால் பேட்டரி ஆறவே நேரமிருக்காது. பேட்டரியைக் குளிர்விப்பதும் கேபின் ஏசியும் ஒரே கம்ப்ரஸரை நம்பியிருக்கின்றன. கொளுத்தும் வெயிலில், சார்ஜ் ஏறும்போது குடும்பமே உள்ளே உட்கார்ந்து ஏசியை முழு வேகத்தில் வைத்தால் பேட்டரிக்குப் போகும் குளிர்ச்சி குறைந்து, சார்ஜிங் வேகமும் சேர்ந்து குறையும். ஏசியைச் சற்றுத் தணித்தாலே பலன் தெரியும். ஆனால் காரணம் சூடுதான் என்று தெரிந்தால்தானே அதைச் செய்ய முடியும்?

கன்னின் ஊசிகளையும் விட்டுவிட முடியாது. வண்டியின் சார்ஜிங் வாயிலும் கன்னிலும் வெப்ப உணரிகள் உள்ளன. பலர் செருகிச் செருகித் தேய்ந்த கன்னில் தொடுமுனைத் தடை கூடும். அங்கே பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். 200 ஆம்பில் தாக்குப்பிடிக்கும் கன், 360 ஆம்பில் மூன்று மடங்குக்கும் மேல் சூடாகும். உடனே ஏதாவது ஒரு பக்கம் ஆம்பைக் குறைக்கும். கேபிளின் பாரத்தில் கன் கீழ்நோக்கித் தொங்கினாலும் தொடுமுனை சரியாகப் பதியாது. கேபிளைக் கொஞ்சம் தாங்கிப் பிடித்து நேராக உட்காரவைத்தால் சில நேரம் சரியாகிவிடும்.

ஆக, ஒவ்வொரு காரணத்துக்கும் ஓட்டுபவர் செய்ய வேண்டியது வேறு. கேபிள் வரம்பு என்றால் வேறு நிலையம் பார்க்க வேண்டும். பங்கு பிரிந்திருந்தால் பக்கத்து வண்டி கிளம்பும்வரை காத்திருக்கலாம். குளிர் என்றால் அடுத்த முறை சீக்கிரமே சூடேற்ற வேண்டும். ஊசி சூடென்றால் கன்னை மாற்ற வேண்டும். சார்ஜ் 80-ஐத் தாண்டியதால் குறைகிறது என்றால் பேசாமல் கிளம்பிவிடுவதே லாபம். அதற்கு மேல் 100 வரை ஏற்ற ஆகும் நேரம் 10 முதல் 80 வரை ஏற்ற ஆகும் நேரத்துக்குச் சமமாகக்கூட வரும்.

இப்போது வண்டிக்கு என்ன தெரியும் என்று பார்ப்போம். சிசிஎஸ் முறையில் டிசி சார்ஜ் ஏறும்போது வண்டியும் சார்ஜரும் இடைவிடாமல் தகவல் பரிமாறிக்கொள்கின்றன. டிஐஎன் 70121, ஐஎஸ்ஓ 15118 ஆகிய தரநிலைகளில் அந்தப் பரிமாற்றம் வரையறுக்கப்பட்டிருக்கிறது. வண்டி இத்தனை வோல்ட், இத்தனை ஆம்ப் வேண்டும் என்று கேட்கும். சார்ஜர் தான் இப்போது கொடுக்கும் அளவைச் சொல்லும். கூடவே மின்னோட்ட வரம்பை எட்டிவிட்டேனா, மின்னழுத்த வரம்பை எட்டிவிட்டேனா, திறன் வரம்பை எட்டிவிட்டேனா என்று மூன்று கேள்விகளுக்கும் ஆம் அல்லது இல்லை என்ற பதிலையும் அனுப்பும். யார் பக்கம் தடை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

அந்த நேரத்தில் உங்கள் திரையில் இருப்பது இவ்வளவுதான்: நடுவில் வெள்ளை நிற கார் படம், அதன் பின்பக்கத்திலிருந்து நீளும் கேபிளில் ஓடும் பச்சைப் புள்ளிகள், கீழே "41 கிலோவாட்", அதற்கும் கீழே "சார்ஜ் ஆகிறது". வேகம் 41 ஆனாலும் 130 ஆனாலும் பச்சைப் புள்ளிகள் ஒரே வேகத்தில்தான் ஓடுகின்றன. பேட்டரியின் வெப்பநிலைகூட இல்லை. அதை அறிய ஓபிடி போர்ட்டில் (வண்டியின் கணினித் தகவலைப் படிக்கும் இணைப்பு வாய்) தனியாகக் கருவி செருகி ஃபோனில் பார்க்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டியில் இது அவசியமா?

சர்வீஸ் சென்டர் நடத்திய பரிசோதனையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். வண்டியை ஷோரூம் வளாகத்தில் இருக்கும் 7.4 கிலோவாட் ஏசி (மாறுமின்னோட்ட) சார்ஜரில் செருகிப் பார்த்துவிட்டு "சார்ஜிங் இயல்பு நிலை" என்று எழுதியிருக்கிறார்கள். ஏசி மின்சாரம் வண்டிக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர் வழியாக டிசியாக மாறி பேட்டரிக்குப் போகிறது. வேக சார்ஜர் தரும் டிசி அந்த ஆன்போர்டு சார்ஜரைத் தொடாமல், கான்டாக்டர்கள் எனும் பெரிய மின் சுவிட்சுகள் வழியாக நேரே பேட்டரிக்குப் போகிறது. பல்வலி என்று வந்தவருக்குக் கண்ணைச் சோதித்து நலம் என்று சான்றிதழ் கொடுத்தது போலிருக்கிறது. வேகக் குறைப்பு பிழைக் குறியீடாகப் பதிவாகாது என்பதும் அங்கே யாருக்கும் தெரியவில்லை. டிசி புகாரைச் சோதிக்க வேண்டுமானால் பேட்டரி 10 சதவீதத்தில், 25 முதல் 35 டிகிரிக்குள் இருக்கும்போது, 400 ஆம்பாவது கொடுக்கும் சார்ஜரில் செருகி, கேட்ட ஆம்பையும் கிடைத்த ஆம்பையும் பதிவெடுக்க வேண்டும். இதற்கு அரை மணி நேரம் போதும்.

பயணத் திட்டமிடும் வசதியிலும் இதே மூடுமந்திரம். ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதை அளக்கும் டபிள்யூஎல்டிபி சோதனையின் சராசரி வேகம் மணிக்கு 46.5 கிலோமீட்டர், வெப்பநிலை 23 டிகிரி, கேபின் ஏசி ஓடாது. அதில் வரும் தூர எண் நெடுஞ்சாலைக்குப் பொருந்தாது என்பதை வாங்கும் எல்லோரும் விரைவில் கற்றுக்கொள்கிறார்கள், அதை விட்டுவிடுகிறேன். ஆனால் வண்டியின் கணினி நேரடி வேகத்தையும் மேட்டையும் கணக்கில் எடுக்க வேண்டாமா? 100-இல் ஓடுவதைவிட 120-இல் ஓடினால் ஒரு கிலோமீட்டருக்குக் காற்றை எதிர்க்கச் செலவாகும் ஆற்றல் 44 சதவீதம் அதிகம். 1,900 கிலோ வண்டி 1,000 மீட்டர் உயரம் ஏற 5 யூனிட்டுக்கு மேல் தனியாகச் செலவாகும், அதாவது பேட்டரியில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. உங்கள் திட்டமிடுவான் மலையடிவாரத்தில் இருக்கும்போது, மேலே சேருமிடத்துக்கு 22 சதவீதத்தோடு போய்ச் சேர்வீர்கள் என்று சொல்கிறது, பாதி மலை ஏறியதும் அதே இடத்துக்கு 9 சதவீதம் என்று மாற்றிச் சொல்கிறது. சாலையின் உயரம் வரைபடத்தில் ஏற்கெனவே இருக்கும் தகவல்தான்.

அடிப்படை மாடலில் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி வைத்திருக்கிறீர்கள். அதற்கு வாரம் ஒருமுறை 100 சதவீதம் ஏற்றச் சொல்கிறது பயனர் கையேடு. அதே வண்டிக்கு உங்கள் ஆப் 80 சதவீதத்தில் நிறுத்தச் சொல்கிறது. எல்எஃப்பி செல்லின் மின்னழுத்தம் நடுப்பகுதியில் ஏறக்குறைய தட்டையாக இருப்பதால், அவ்வப்போது முழுதாக ஏற்றாவிட்டால் சதவீதக் கணக்கு பிசகும். பிறகு 12 சதவீதம் காட்டிய வண்டி திடீரென்று 4-க்கு இறங்கும். ஆப்பை நம்பி ஓட்டியவர்தான் நடுவழியில் நிற்பார்.

கன் சிக்கிக்கொண்டால் கழற்றும் முறையையும் திருத்துங்கள். உதவி எண்ணில் "வண்டியைப் பூட்டித் திறங்கள்" என்பதற்கு மேல் சொல்வதில்லை. சார்ஜிங்கை ஆப்பில் முடித்து, கன்னை வண்டியை நோக்கி உள்பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டே சாவியில் திறந்தால், பூட்டு ஊசியின் மேல் இருக்கும் இறுக்கம் விலகி பெரும்பாலும் விடுபடும். அதற்கும் மசியாவிட்டால்தான் டிக்கிக்குள் இருக்கும் அவசரக் கயிறு. அந்தக் கயிற்றை, ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் திறக்க முடியாத பக்கவாட்டு மூடிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். வண்டியோடு ஸ்க்ரூ டிரைவர் தருவதில்லை. ஸ்டெப்னியும் தருவதில்லை, அது வேறு கதை.

நான் கேட்பது புது பேட்டரியோ பணமோ அல்ல. டிசி சார்ஜ் ஏறும்போது பேட்டரி வெப்பநிலை, வண்டி கேட்கும் ஆம்ப், சார்ஜரின் உச்ச ஆம்ப் ஆகியவற்றைத் திரையில் காட்டி, எதனால் வேகம் குறைந்திருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். சூடேற்ற ஒரு பொத்தான் வையுங்கள். இரண்டுமே மென்பொருள் வேலை, இணையம் வழி அப்டேட்டில் அனுப்பலாம். விளம்பரத்தில் 28 நிமிடத்தின் பக்கத்திலேயே எத்தனை ஆம்ப், எத்தனை டிகிரி என்று அச்சிடுங்கள். ஆப்பின் 80 சதவீத அறிவுரையை எல்எஃப்பி வண்டிகளுக்கு நிறுத்துங்கள். என் வண்டியை மேலே சொன்ன முறைப்படி டிசி சார்ஜரில் மறுபரிசோதனை செய்து பதிவின் நகலைத் தாருங்கள். சார்ஜிங் ரசீதுகளும் ஓபிடி பதிவுகளும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

30 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வேண்டும். "பழுது இல்லை" என்ற பழைய வரியே திரும்ப வந்தால், இந்தக் கடிதமும் இணைப்புகளும் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்புக்குப் போகும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்