சின்னப் பிள்ளைகளுக்குச் செல்போன் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆன்லைன் படிப்பே வீண் என்று எங்கள் ஊரில் பலர் பேசுகிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் மகள் பொறியியல் படிக்கிறாள். ஐஐடி பேராசிரியர்கள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் வீடியோ பாடங்களை அந்தியூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே இலவசமாகக் கேட்கிறாள். புரியாத இடத்தை நான்கு தடவை திருப்பிப் போட்டுப் பார்க்கிறாள். தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். என் காலத்தில் இதற்கெல்லாம் வழியேது?

சின்னவன் விஷயம் அப்படியில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகளை மூடியபோது அவன் ஒன்றாம் வகுப்பு. எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி மறுபடி திறந்தது 2021 நவம்பரில்தான். வீட்டில் இருந்தது ஒரே செல்போன். அதையும் நான் தறிக்கு எடுத்துப் போய்விடுவேன். ராத்திரி வந்து பாட வீடியோவைப் போட்டால் பையன் தூங்கி விழுவான். சிக்னலே எட்டாத மலைக் கிராமத்துப் பிள்ளைகளை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது. என் பையனுக்குப் படித்த எழுத்தும் மறந்துபோயிற்று. ‘ஞ’ போடத் தெரியாமல் அழுதான். அப்புறம், தன்னார்வலர்கள் வீட்டுப் பக்கத்திலேயே பாடம் சொல்லித் தரும் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தது. பக்கத்துத் தெருப் பெண் தினமும் சாயங்காலம் பக்கத்தில் உட்கார வைத்து, கையைப் பிடித்து எழுத வைத்த பிறகே தேறினான். அந்தப் பெண்ணுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

இன்றும் சில பள்ளிகள் வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்புகின்றன. ஐந்தாம் வகுப்பு வரையாவது அதைப் பிள்ளைகளின் நோட்டிலேயே எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கல்வித் துறை உத்தரவிட வேண்டும்.

– தறித் தொழிலாளி ஒருவர், அந்தியூர், ஈரோடு மாவட்டம்