மாமா எதுல போனாருன்னு கேட்டா உண்மையச் சொல்லு கண்ணு

கண்ணு,

நேத்து ஃபோன்ல நீ சொன்னதே மனசுல ஓடிட்டு இருக்குது. ஆஸ்பத்திரில ஃபேமிலி ஹிஸ்டரி கேட்டாங்க, மாமா ஹார்ட் அட்டாக்ல போயிட்டாருன்னு சொல்லிட்டேம்மான்னு சொன்னியல்ல. ஊர்ல எல்லாருமே அப்படித்தான சொல்றோம், உம்மேல தப்பில்ல. ஆனா இனி யாரு கேட்டாலும் குடிநோய், லிவர் கெட்டுப் போயிட்டாருன்னே சொல்லு. டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும், குடும்ப வழியா வர்றதுக்கும் வாய்ப்பு இருக்குதல்ல. இன்னொண்ணு, செத்த காரணத்த மறைக்கப் போயி என் தம்பி பேச்சையே யாரும் எடுக்கறதில்ல, ஒரு விசேஷத்துல அவன் பேரு வந்தாப் போதும் எல்லாரும் கப்சிப், அதுதான் எனக்குத் தாங்கல.

கோயமுத்தூர் கணபதில அவன் மோட்டார் ரீவைண்டிங் கடை உனக்கு நெனவிருக்குதா? காயில் சுத்தறப்ப செம்புக் கம்பி விரலுக்கு நடுவுல ஓடும், நாம பேச்சுக் குடுத்தா பதிலும் சொல்லுவான், ஆனா சுத்துக் கணக்கு தப்பாது. வீட்டுக்கு வந்தா சட்டையெல்லாம் வார்னிஷ் வாசம். தோட்டத்துல மோட்டார் எரிஞ்சு போச்சுன்னு யாராவது வந்து நின்னா, பயிர் காயுதேன்னு ராத்திரியோட ராத்திரியா கட்டிக் குடுத்துட்டு காசு அப்புறம் குடுங்கம்பான். உன் காதுகுத்துக்கு மடில வெச்சுக்கிட்டு உனக்கு முன்னாடி அவன் அழுதான்.

அந்தக் கைதான் கண்ணு அப்புறம் விடிஞ்சா நடுங்குச்சு. டீ டம்ளர ரெண்டு கையிலயும் பிடிப்பான், அப்பவும் சிந்தும், ஒரு கட்டிங் உள்ள போனாத்தான் நிக்கும். கொழுப்பெடுத்துக் குடிக்கறான்னாங்க எல்லாரும், அவன் கடைசில குடிச்சது ஜாலிக்கே இல்ல, குடிக்கலன்னா ஒடம்பு தூக்கிப் போடும், அந்தப் பயத்துல குடிச்சான். யாரோ சொன்னாங்கன்னு உங்க தாத்தா ரூம்ல போட்டுப் பூட்டுனாரு, மறுநாளே வலிப்பு, அப்புறம் சுவத்துல பூச்சி ஊருது பூச்சி ஊருதுன்னு ஒரே கத்தல். ரொம்ப நாள் குடிச்ச ஒடம்புல திடீர்னு நிறுத்துனா உசுருக்கே ஆபத்தாம், டாக்டர் கண்காணிப்புல மாத்திரை, பி1 வைட்டமின் ஊசியெல்லாம் போட்டுத்தான் நிறுத்தணுமாம், அதுக்கப்புறந்தான் எங்களுக்கே தெரிஞ்சுது.

அவன் முயற்சி பண்ணாம போகல கண்ணு. ஏ.ஏ. மீட்டிங் போனான், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்னு, குடிய விட நெனைக்கறவங்க ஒண்ணா உக்காந்து பேசற கூட்டம். 1935ல அமெரிக்காவுல குடியில சிக்குன ஒரு டாக்டரும் ஒரு ஷேர் வியாபாரியும் சேர்ந்து ஆரம்பிச்சது, இப்ப நம்ம ஊர்லயும் நடக்குது, ஃபீஸ் கெடையாது, முழுப்பேரு கூடக் கேக்க மாட்டாங்க. அங்க போன காலத்துல ஒரு தீபாவளிக்கு தெளிஞ்ச முகத்தோட வந்து என் கையால எண்ணெய் வெச்சுக் குளிச்சான், அந்த முகத்தத்தான் நான் நெனச்சுக்கறேன். மறுபடி விழுந்தான், நிஜந்தான், இந்த வியாதியில அப்படி விழறது நெறையப் பேருக்கு நடக்கும், அதோட முடிஞ்சுதுன்னு அர்த்தமில்ல. அவன்கூட மீட்டிங் போன ஒருத்தரு இன்னைக்கும் தொடாம இருக்காரு, பேரன் பேத்தியோட கோயில்ல பார்த்தேன்.

உங்க கொழுந்தனாரு காலைலயே ஆரம்பிச்சுடறாருன்னு நீ மெதுவா சொன்னியே, அதுக்காகத்தான் இவ்வளவும் எழுதறேன். பூட்டி வெக்காதீங்க, கோயில்ல சத்தியம் வாங்கறதோட விட்டுடாதீங்க. மெட்ராஸ்லயே இந்திரா நகர்ல குடிய நிறுத்த வைத்தியம் பண்ற டி.டி.கே. ஆஸ்பத்திரி இருக்குது, சாந்தி ரங்கநாதன் அம்மா வீட்டுக்காரரக் குடியில பறிகுடுத்துட்டு 1980ல ஆரம்பிச்சது, அந்தத் துக்கத்துல இருந்து எத்தன குடும்பத்துக்கு வழி பண்ணிருக்காங்க பாரு. 14446க்கு கூப்பிட்டாலும் விவரம் சொல்லுவாங்க, அரசாங்க நம்பர், காசு ஆகாது. உன் மாமியாரையும் அல்-அனான் மீட்டிங்குக்கு கூட்டிட்டுப் போ, அது குடிக்கறவங்க வீட்டு ஆளுங்களுக்கு, அவங்களும் பேசி அழ ஒரு எடம் வேணுமல்ல.

ஞாயித்துக்கெழம கூப்பிடறேன், உங்க கொழுந்தனாரு பக்கத்துல இருந்தா ஃபோனக் குடு. திட்ட மாட்டேன்னு சொல்லு, என் தம்பியப் பத்தி கொஞ்சம் பேசணும், அவ்வளவுதான்.

அம்மா