மழைத்தொட்டிக்கு ஒரு மூட்டை சிமெண்டு

அன்புடையீர், வணக்கம்.

நடு பர்மாவில் மெய்த்திலா ஊர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கோயிலுக்கு வந்து போனவர்களுக்கு மடைப்பள்ளிக்குப் பின்னாலுள்ள காலி மனை நினைவிருக்கும். வேலிக்கருவையும் உடைந்த ஓடுமாகக் கிடந்த இடம். இப்போது அங்கே முப்பது மண்பானைகளைக் கழுத்தளவு புதைத்து, அவற்றைச் சுற்றிக் கத்தரியும் புளிச்சகீரையும் வைத்திருக்கிறோம். பானைகளை நூறாக்க வேண்டும். அதற்கு முன், அவற்றில் ஊற்ற மழைத்தண்ணீரைத் தேக்கிவைக்க ஒரு தொட்டி கட்ட வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ரங்கூனிலும் மோல்மேனிலும் இருப்பவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். ரங்கூனில் ஆண்டுக்கு 2500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அங்கே தண்ணீரை வெளியேற்றத்தான் ஆள் தேட வேண்டும். இங்கே அரக்கான் மலைத்தொடர் மேகத்தை மறித்துவிடுகிறது. நடு பர்மாவின் இந்த வறண்ட வட்டாரத்துக்கு 500 முதல் 1000 மில்லிமீட்டர் கிடைத்தால் பெரிது. அதுவும் வைகாசியில் ஆசை காட்டி, ஆடி வாக்கில் நின்றுபோய், புரட்டாசியில் மறுபடி வரும். கார்த்திகை முதல் சித்திரை வரை வானத்தைப் பார்த்துப் பயனில்லை. 2024 ஏப்ரல் 28 அன்று மக்வே பகுதியிலுள்ள சௌக்கில் வெயில் 48.2 டிகிரியைத் தொட்டது. எங்கள் ஊரும் அன்று அப்பளம் பொரித்த மாதிரிதான் இருந்தது.

தோட்டம் எதற்கு, சந்தையில் காய் கிடைக்காதா என்று குழுவுக்குள்ளேயே கேட்டவர்கள் உண்டு. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு அவர்கள் கேட்பதை விட்டுவிட்டார்கள். அக்கம்பக்கத்தார் எல்லாருக்கும், தமிழர் பர்மியர் என்று பார்க்காமல், கோயில் வாசலில் சமைத்தோம். அரிசி வந்தது, பருப்பு வந்தது. காய் மட்டும் வரவில்லை. பதினொரு நாள் ஒரே முருங்கை மரத்தை மொட்டையடித்து ஓட்டினோம். தமிழ்நாட்டு இட்லிக்கே இந்த மண்ணிலிருந்துதான் கப்பல் கப்பலாக உளுந்து போகிறது. ஆனால் நாங்கள் ஒரு பிடி கீரைக்கு அலைந்தோம். மடைப்பள்ளி அத்தைதான் அன்றைக்குச் சொன்னார்: “மரம் ஒண்ணு வச்சவன் பத்து வச்சிருக்கக் கூடாதா?”

சரி, வைத்தோம். முதல் வருடம் தோற்றோம், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

ஊரில் பழக்கமில்லாத மேட்டுப்பாத்தி போட்டது முதல் தப்பு. காற்று நான்கு பக்கமும் அடித்து இரண்டே நாளில் மண் காய்ந்தது. இப்போது பாத்தியை ஒரு சாண் பள்ளமாக வெட்டி, மேலே எண்ணெய்ச் செக்கிலிருந்து வாங்கிய நிலக்கடலைத் தோலையும் எள்ளுத் தட்டையையும் மூடாக்காகப் பரப்புகிறோம். மேற்கு வெயிலை மறைக்கத் துவரை வரிசையாக நிற்கிறது. அது நன்றாகவே வந்திருக்கிறது.

இரண்டாவது தப்பு தண்ணீர். பானை என்று சொன்னோமே, அது வழிப்போக்கர் குடிக்கட்டும் என்று பர்மியர் வாசலில் வைக்கிற தண்ணீர்ப்பானைதான், அளவில் சிறியது. மெருகு பூசாததால் அதன் சுவரில் தண்ணீர் கசியும். மண் எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு இழுத்துக்கொள்ளும். வேர் தானாகப் பானையைத் தேடி வரும். ஐந்து லிட்டர் ஊற்றி மூடி வைத்தால் மூன்று நாளைக்குக் கவலையில்லை. ஆனால் நாங்கள் ஊற்றியது ஆழ்குழாய்த் தண்ணீர். இங்கே அது உப்பு. மூன்றே மாதத்தில் பானைகளின் வெளிப்புறம் சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்துவிட்டது. ஒன்றைத் தோண்டி எடுத்து நகத்தால் சுரண்டினால் வெள்ளைப் பொடி உதிர்ந்தது. கசிவுக்கண் எல்லாம் அடைத்துப்போய், உள்ளே தண்ணீர் அப்படியே நிற்க, வெளியே கத்தரி இலை ஓரம் கருகிக்கொண்டிருந்தது.

மழைத்தண்ணீரில் உப்பு இல்லை. அன்னதானக் கூடத்தின் தகரக் கூரை 60 அடிக்கு 30 அடி, அதாவது சுமார் 167 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். வருடத்துக்கு 600 மில்லிமீட்டர்தான் என்று குறைத்து வைத்து, ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கழித்தாலும் 80,000 லிட்டர் வருகிறது. இன்று அத்தனையும் தெருவில் ஓடுகிறது. அதில் பாதியைப் பிடித்தால் போதும். நூறு பானைக்கு மூன்று நாளுக்கு 500 லிட்டர். மழையில்லாத ஆறு மாதத்துக்கு 30,000 லிட்டர். மிச்சம் நாற்றுக்கும் முருங்கைக்கும்.

ஆகவே 20 அடி நீளம், 12 அடி அகலம், 6 அடி ஆழத்தில், பாதி மண்ணுக்குள் இறங்கிய 40,000 லிட்டர் தொட்டி. வெறும் செங்கல் சுவர் போதும், செலவு குறையும் என்று ஒருவர் சொன்னார். செங்கல் சுவர் ஆடினால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கம்பி கட்டிய கான்கிரீட்தான்.

விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இருப்பதால் நன்கொடையைச் சாமான் கணக்கில் கேட்கிறோம். சிமெண்டு 80 மூட்டை, கம்பி சுமார் 800 கிலோ, கூரையின் இரண்டு பக்கத்துக்கும் 120 அடி தகர வாரி, முதல் மழையில் வரும் பறவை எச்சத்தை ஒதுக்க ஒரு 200 லிட்டர் பீப்பாய், கொசு முட்டையிடாமல் தொட்டியை மூட வலையும் தகரமும், அப்புறம் எழுபது பானை. மணல் தர ஓர் அன்பர் ஒப்புக்கொண்டிருக்கிறார். குழி தோண்டுவது எங்கள் பிள்ளைகள்.

ஒரு மூட்டை சிமெண்டும் கொடுக்கலாம், ஒரே ஒரு பானையும் கொடுக்கலாம். உள்ளூரில் இருப்பவர்கள் கோயில் கணக்கரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். 1960களில் கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் எப்படி அனுப்புவது என்று கேட்கிறார்கள். இந்தக் கடிதத்தை உங்களுக்கு அனுப்பிய உறவினர் வழியாகவே அனுப்புங்கள், வேறு யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். வரவு செலவு மாதாமாதம் கோயில் பலகையில் ஒட்டப்படும். காய்ப்பது முதலில் வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு, மிஞ்சியது வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்கு.

கான்கிரீட் இறுக ஒரு மாதமாவது வேண்டும். வைகாசி மழைக்குள் முடிக்க வேண்டுமானால் பங்குனியில் வேலையைத் தொடங்கியாக வேண்டும்.

பானையாகவே வாங்கித்தர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அழகாக இருக்கிறதே என்று பளபளக்கும் மர்த்தபான் ஜாடியை அனுப்பிவிடாதீர்கள். ஏற்கெனவே இரண்டு வந்துவிட்டன. மெருகு போட்டதால் சொட்டுத் தண்ணீர் கசியாது. அத்தை அவற்றில் ஊறுகாய் போட்டுவிட்டார்.

இப்படிக்கு,
கோயில் தோட்டக் குழுவினர்