பாலத்துக்கு முன்னால் ஒப்பந்தம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரு நாடுகளை இணைக்கும் சாலை, ரயில் திட்டங்கள் பற்றிய செய்திகளில் எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு செலவு, யார் திறந்து வைத்தார் என்பதெல்லாம் தவறாமல் இடம்பெறுகின்றன. சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றின் ஆவணப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில், நான் அவற்றில் தேடுவது வேறொன்று. புறப்பட்ட இடத்தில் ஏற்றிய சரக்கு எல்லையில் இறக்கப்படாமல் மறுபக்கம் போய்ச் சேருமா? இதற்குப் பதில் சொல்லும் செய்தியை நான் அரிதாகவே படித்திருக்கிறேன்.

சீனாவின் தண்டவாள அகலம் 1435 மில்லிமீட்டர். அதை அடுத்த கஜகஸ்தானில் 1520. இந்த 85 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்காக கோர்கோஸ் எல்லையில் ஒவ்வொரு கன்டெய்னரையும் கிரேன் தூக்கி வேறு வண்டியில் வைக்கிறது. இதைத்தான் பெரிய தடையாக எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அகலத்துக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் சக்கரங்களுடன் ஸ்பெயினின் டால்கோ ரயில் 1960களின் இறுதியிலேயே பிரான்ஸ் எல்லையைக் கடக்கத் தொடங்கிவிட்டது. காகிதத்தின் கதையைப் பாருங்கள். மேற்கு ஐரோப்பிய நாடுகள் சிம் எனும் சரக்குச் சீட்டைப் பயன்படுத்தின. சோவியத் அணியில் இருந்த நாடுகளுக்கு எஸ்.எம்.ஜி.எஸ். எனும் தனிச் சீட்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் எல்லையில் எல்லா விவரங்களையும் புதிதாக எழுத வேண்டும். இரண்டுக்கும் பொதுவான ஒரே சீட்டு 2006இல்தான் நடைமுறைக்கு வந்தது. சக்கரத்தை மாற்றியமைத்த பிறகு, தாளை மாற்றியமைக்க இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்திருக்கிறது.

எல்லையில் திரும்ப எழுதுவது என்றால் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் அனுப்பிய லாரி ஒன்று, சரக்கின் வகை எண்ணை மறுபக்கத்தில் யாரோ பெயர்த்து எழுதும்போது ஓர் இலக்கம் பிசகியதால் நிறுத்தப்பட்டது. முத்திரை உடையவில்லை, எடையிலும் குறைவில்லை. திருத்தக் கடிதம் கேட்டார்கள், அனுப்பினோம். அது போய்ச் சேர்ந்தபோது அவர்களுக்கு வார விடுமுறை. அது முடிந்ததும் எங்கள் பக்கத்தில் விடுமுறை. ஒரு நாட்டுக்கு வெள்ளிக்கிழமை, அடுத்த நாட்டுக்கு ஞாயிறு என்றால் இப்படித்தான் நடக்கும். அத்தனை நாளும் ஓட்டுநர் இருக்கையிலேயே தூங்கி, குடிக்கத் தண்ணீர் தேடி அலைந்தார். அவரிடமிருந்து தொலைபேசி வரும்போதெல்லாம் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றிருக்கிறேன். எல்லைகளில் இன்றும் காத்திருக்கும் ஓட்டுநர்களை நினைத்துத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

வழி இல்லாமல் இல்லை. ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் இடையே சாம்பேசி ஆற்றின் மேல் சிருண்டுவில் 2002இல் இரண்டாவது பாலம் கட்டினார்கள். ஆனாலும் லாரிகள் இரு கரையிலும் இரண்டு முறை சோதனைக்காக நின்றன. பிறகு இரு நாடுகளும் தனிச் சட்டம் இயற்றி, ஒரு நாட்டின் அதிகாரி அடுத்த நாட்டு மண்ணில் அமர்ந்து பணியாற்ற வழி செய்தன. 2009 டிசம்பர் முதல், வண்டி நுழையும் நாட்டின் பக்கம் மட்டும் நின்றால் போதும் என்றாயிற்று. நாள்கணக்கான காத்திருப்பு குறைந்தது இதற்குப் பிறகுதான். எந்தத் திட்ட அறிக்கையைப் படித்தாலும் எனக்கு சிருண்டுதான் நினைவுக்கு வருகிறது.

சாலைச் சரக்குக்கு டி.ஐ.ஆர். எனும் 1975ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை இருக்கிறது. புறப்படும் இடத்தில் சுங்க அதிகாரி முத்திரை வைத்துவிட்டால், இடையில் உள்ள நாடுகள் பொதுவாக முத்திரையையும் ஒரே ஓர் ஆவணத்தையும் பார்த்து வண்டியை அனுப்பிவிடலாம். வழியில் சரக்கு மாயமானால் வரியைக் கட்ட உத்தரவாத அமைப்பு பொறுப்பேற்கும். சீனா 2016இலும் இந்தியா 2017இலும் இதில் சேர்ந்தன. பக்கத்து நாடும் சேர்ந்திருந்தால்தான் இதன் முழுப் பயன் கிடைக்கும்.

வண்டிகளே எல்லை தாண்டிச் செல்வதற்காக வங்கதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் ஆகியவை 2015 ஜூனில் திம்புவில் கையெழுத்திட்ட மோட்டார் வாகன ஒப்பந்தத்தின் நிலையை வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டும். பூட்டானின் மேலவை அதை ஏற்கவில்லை. சிறிய மலைநாடு தன் சாலைகளையும் காற்றையும் பற்றி அஞ்சியதில் நியாயம் உண்டு. ஆனால் முன்செல்ல முடிவெடுத்த மற்ற மூன்று நாடுகளுக்கும்கூட நடைமுறை விதிகளைப் பேசுவதிலேயே ஆண்டுகள் கழிந்தன.

இப்படியெல்லாம் திறந்துவிட்டால் கடத்தல் பெருகும் என்பார்கள். என் அனுபவம் நேர்மாறானது. சரக்கு காணாமல் போவது பெரும்பாலும் முத்திரை பிரித்து, இறக்கி, அடுக்கி, மறுபடி ஏற்றும் இடத்தில்தான். பூட்டிய கன்டெய்னரில் கண்காணிப்புக் கருவி பொருத்தி அனுப்புவது அதைவிடப் பாதுகாப்பானது. இதைவிடக் கடினமான கேள்வி எல்லையில் சுமை தூக்கிப் பிழைக்கும் தொழிலாளர்களைப் பற்றியது. வண்டி நேராகப் போனால் அவர்களுக்கு வேலை போய்விடும். திட்டச் செலவில் அவர்களது மாற்று வேலைக்கும் இழப்பீட்டுக்கும் முதலிலேயே பணம் ஒதுக்க வேண்டும். அவர்களைக் கண்ணில் படாதவர்களாக நடத்திவிட்டு வளர்ச்சி பேசுவதை என்னால் ஏற்க முடியாது.

ஓட்டும் பக்கம் மாறுவதெல்லாம் சிறிய விஷயம். தாய்லாந்தில் இடப்பக்கம், லாவோசில் வலப்பக்கம். 1994இல் மேகாங் ஆற்றின் மேல் திறந்த நட்புப் பாலத்தின் லாவோஸ் முனையில் வண்டிகள் பக்கம் மாறிக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

ஆகவே அரசுகளுக்கு என் வேண்டுகோள் இது. பாதைக்கு நிதி ஒதுக்கும் நாளிலேயே, எந்த ஆவணம் செல்லும், சோதனை எந்தப் பக்கம் நடக்கும், ஓட்டுநருக்கு எத்தனை நாள் அனுமதி, இரு சுங்க அலுவலகங்களின் வேலை நேரமும் விடுமுறையும் என்ன என்பவற்றை இரு நாடுகளும் கூட்டாக வெளியிட வேண்டும். தங்கள் செய்தியாளர்கள் அடுத்த திறப்பு விழாவுக்குப் போகும்போது, இறக்காமல் கடக்கப்போகும் முதல் சரக்கு வண்டிக்கு எந்தத் தேதி என்று கேட்டு, கிடைக்கும் பதிலை அப்படியே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சரக்கு ஆவணப் பணியாளர்