ஞாயிறு மாலை: பலூன் உடைக்க 300 படிகள்

நண்பர்களே, ஞாயிறு மாலை 6 மணிக்கு ரூப் கோல்ட்பர்க் எந்திரங்களின் வீடியோ பார்க்கிறோம். ஒரு சின்ன வேலையை வேண்டுமென்றே பல படிகளாகச் சுற்றி வளைத்துச் செய்யும் எந்திரங்கள் இவை. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதையே போட்டியாக்கிவிட்டார்கள்! அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்கள் 1949இல் தொடங்கியது. 2012இல் அங்கே ஒரு பலூனை ஊதி உடைக்க 300 படிகள் வைத்தார்கள். நடுவில் சிக்கினால் கையால் தட்டிவிடலாம், ஆனால் மதிப்பெண் போகும்.

அப்புறம், பிள்ளைகளும் ஒன்று செய்யப்போகிறார்கள். மணி அடிக்க வேண்டும், ஐந்து படி போதும். கோலி, டோமினோ, நூல்கண்டு, பழைய ஸ்கேல் கொண்டுவாருங்கள். நேற்று வீட்டில் ஒத்திகை பார்த்தேன். கோலி ஆறு முறையும் சோபாவுக்கு அடியில்தான் போனது. ஸ்கேலின் இரு ஓரமும் அட்டை ஒட்டிய பிறகே ஒழுங்காக ஓடியது. டோமினோவைக் கடைசியில் அடுக்குங்கள். வருபவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.