படுத்திருப்பவருக்கும் ஒரு கட்டடம் தெரிகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கட்டடக்கலைக் கோட்பாடுகள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். என்ன பயன்பாடு என்று கேட்டு அதற்கேற்ப அறைகளை அமைத்தால் வடிவம் தானாக வந்துவிடும், மற்றதெல்லாம் வகுப்பறைப் பேச்சு என்கிறார் கட்டுரையாளர். நான் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் 31 வருஷம் வரைவாளராக இருந்தவன். போன வருஷம் வரைக்கும் கேட்டிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

போன வருஷம் இடுப்பெலும்பு முறிந்து 23 நாள் மருத்துவமனையில் மல்லாந்து கிடந்தேன். அப்படிக் கிடப்பவருக்குத் தரை தெரியாது, வாசல் தெரியாது, ஜன்னலில் மேல்பாதி மட்டும் தெரியும். நாள் முழுக்க எதிரே இருப்பது சீலிங் ஒன்றுதான். என் முகத்துக்கு நேர் மேலே இரண்டடிக்கு இரண்டடி சதுரமாக ஒரு விளக்கு. விடியற்காலையில் ரத்தம் எடுக்க வருபவர் சுவிட்சைத் தட்டியதும், கண்ணை மூடியிருந்தாலும் இமைக்குள் செக்கச்செவேலென்று எரியும். புரண்டு படுக்க முடியாது. கையால் மறைக்கலாம் என்றால் ஒரு கையில் சலைன் ஏறிக்கொண்டிருக்கும், இன்னொரு கை சீக்கிரமே வலித்துவிடும்.

நாலைந்து நாள் கழித்துத்தான் உறைத்தது, இந்த விளக்கை இங்கே வைத்தவர் என்னைப் போன்ற ஒரு வரைவாளர். சீலிங் பிளானை எப்படி வரைவோம் என்று எனக்குத் தெரியும். தரை முழுக்கக் கண்ணாடி விரித்து, அதில் சீலிங் தெரிவதாக நினைத்துக்கொண்டு வரைவது அது. அறையின் நடுக்கோட்டைப் பிடித்து, இரு பக்கமும் சம இடைவெளி விட்டு விளக்குகளை வைப்போம். தாளில் பார்க்க ஒழுங்காக இருக்கும். கட்டில் வேறொரு தாளில், ஃபர்னிச்சர் பிளானில் இருக்கும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார் என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. எனக்கும் தோன்றியதில்லை. எத்தனை வார்டுகளுக்கு அப்படி வரைந்திருக்கிறேன் என்று அந்த 23 நாளும் எண்ணிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கட்டுரையாளர் சொல்லும் பயன்பாட்டில் அங்கே ஒரு குறையும் இல்லை. வெளிச்சம் வேண்டும் என்றிருப்பார்கள், நல்ல வெளிச்சம் இருந்தது. நின்று ஊசி போடுபவருக்கு அது சரியான விளக்கு. அந்த அறையை நாளின் 24 மணி நேரமும் பயன்படுத்துகிறவர் படுத்திருக்கிறார் என்பதுதான் யார் கணக்கிலும் வரவில்லை. யாருடைய பயன்பாடு, அவருடைய உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்காமல் பயன்பாட்டை எப்படி எழுதிக்கொள்வது? கோட்பாடு என்று நம் கட்டடக்காரர்கள் பேசுவதில் பெரும்பகுதி இந்தக் கேள்வியைச் சுற்றியதுதான் என்பது எனக்குப் பிறகு படித்தபோதுதான் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஆல்வர் ஆல்டோ என்ற பின்லாந்துக் கட்டடக் கலைஞரைப் பற்றித் தேடிப் படித்தேன். அலுவலகத்தில் அவர் பெயரை அடிக்கடி கேட்டிருக்கிறேன், காதில் வாங்கியதில்லை. பின்லாந்தின் பைமியோவில் அவர் வடிவமைத்த காசநோய் மருத்துவமனை 1933இல் கட்டி முடிந்தது. காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்காத காலம். ஓய்வும் காற்றும் வெயிலும்தான் சிகிச்சை, மாதக்கணக்கில் படுக்கையிலேயே இருக்க வேண்டும். அந்த வேலை வந்த சமயத்தில் தானே நோயில் படுத்திருந்ததாக ஆல்டோ பின்னாளில் எழுதினார். சாதாரண அறை நிற்பவருக்கு, நோயாளியின் அறை படுத்திருப்பவருக்கு என்ற ஒரே எண்ணத்தைப் பிடித்துக்கொண்டார். சீலிங்குக்குச் சுவரைவிட அடர்ந்த, கண்ணுக்கு இதமான நிறம். விளக்கு நோயாளியின் பார்வையில் படாத இடத்தில். அறையைச் சூடாக்கும் அமைப்பின் வெப்பம் தலைப்பக்கம் வராமல் கால்பக்கம் போகும். ஓர் அறைக்கு இரண்டு பேர், ஆளுக்கொரு கைகழுவும் தொட்டி. குழாய்த் தண்ணீர் தொட்டியின் சரிவில் சாய்வாகப் பட்டுச் சத்தமில்லாமல் வழிய வேண்டும், பக்கத்தில் இருப்பவர் தூக்கம் கெடக்கூடாது என்று அந்தத் தொட்டியையே தனியாக வடிவமைத்திருக்கிறார். கதவுக் கைப்பிடிகூட மருத்துவரின் கோட்டுக் கை மாட்டிக்கொள்ளாதபடி வளைந்திருக்கும். படித்துவிட்டு வெகுநேரம் அழுதேன் என்பதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

'வடிவம் பயன்பாட்டைப் பின்தொடரும்' என்ற வரியைக் கட்டுரையாளர் துணைக்கு அழைக்கிறார். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி சல்லிவன் 1896இல் அதை எழுதியபோது பறக்கும் கழுகையும் மலர்ந்த ஆப்பிள் பூவையும் சொல்லித்தான் அந்த இடத்துக்கு வருகிறார். அதே ஆண்டு பஃபலோ நகரில் முடிந்த அவருடைய கேரண்டி கட்டடத்தைப் படத்தில் பாருங்கள். சுடுமண் முகப்பு முழுக்க இண்டு இடுக்கு விடாமல் பூவேலை. அறைப் பட்டியலைப் பயன்பாடு என்று நினைத்த மனிதர் இதைக் கட்டியிருப்பாரா?

கோட்பாடு எப்போதும் நல்லது செய்கிறது என்றும் நான் சொல்லவில்லை. 1940களில் லெ கார்புசியே என்ற கட்டடக் கலைஞர் மனித உடம்பை வைத்து 'மாடுலர்' என்று ஓர் அளவு முறையை உருவாக்கினார். முதலில் 1.75 மீட்டர் உயர மனிதரை வைத்துத் தொடங்கி, அப்புறம் 1.83 மீட்டர், அதாவது ஆறடி மனிதருக்கு மாற்றினார். அந்த ஆள் கையைத் தூக்கினால் 2.26 மீட்டர். பிரான்சின் மார்சே நகரில் அவர் கட்டிய குடியிருப்பில் வீட்டின் உள் உயரமே அதுதான். ஆறடி ஆண், திடகாத்திரமாக நிற்கிறார். அந்த அளவில் என் மனைவி இல்லை, இப்போதைய நானும் இல்லை. ஆனாலும் அந்த ஆள் யார் என்று அவர் படம் போட்டுக் காட்டிவிட்டார், அதனால் நாம் எதிர்த்து வாதாட முடிகிறது. கோட்பாடே இல்லாத அலுவலகத்திலும் அந்த ஆள் இருப்பார், பெயரில்லாமல், யாரும் பார்க்காமல்.

படிக்கட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றம், அதாவது ஒரு படியின் உயரம், 15 செ.மீ., மிதி, அதாவது கால் வைக்கும் அகலம், 30 செ.மீ. என்று கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். இரண்டு ஏற்றமும் ஒரு மிதியும் கூட்டினால் ஒரு மனிதர் நடக்கையில் எடுத்து வைக்கும் ஓர் எட்டின் நீளம் வர வேண்டும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் கட்டடக் கலைஞர் பிரான்சுவா புளோந்தெல் போட்ட கணக்கு அது. எவ்வளவு உயரம் ஏறுகிறோமோ அதைப்போல இரண்டு மடங்கு அந்த எட்டின் நீளம் சுருங்கும் என்பது அவர் கண்டது. கோட்பாடு வேண்டாம் என்கிற கொத்தனாரும் அவர் கணக்கில்தான் ஏறுகிறார். ஆனால் அது இரண்டு காலும் மாறி மாறி வைப்பவரின் எட்டு. ஒரு காலை வைத்து அடுத்ததைச் சேர்த்து வைக்கிற எனக்கு ஒவ்வொரு படியும் நிற்கிற இடம், பிடிதான் முக்கியம். கைப்பிடிக் கம்பி கடைசிப் படியோடு முடிந்துவிட்டால், சமதளத்தில் கால் வைக்கிற அந்த நொடியில் கை அந்தரத்தில் நிற்கிறது. இன்னும் ஓரடி நீட்டியிருந்தால் போதும்.

கல்லூரிகளில் கோட்பாட்டுப் பாடத்தைக் குறைக்கலாம் என்று கட்டுரையாளர் யோசனை சொல்கிறார். தயவுசெய்து வேண்டாம். கூடவே, வார்டு வரையும் மாணவரை அரைநாள் கட்டிலில் மல்லாந்து படுக்கவையுங்கள்.

போன மாதம் ஊன்றுகோலோடு என் பழைய அலுவலகத்துக்குப் போனேன். என் இடத்தில் இப்போது வரைகிற பெண்ணிடம் ஒரு மருத்துவமனைப் பிளானைத் திறக்கச் சொல்லி, ஃபர்னிச்சரையும் சீலிங்கையும் சேர்த்துக் காட்டும்மா என்றேன். கணினியில் ஒரு லேயரைத் திறந்தால் முடிந்தது. எட்டு அறையில் ஐந்தில் விளக்கு தலையணைக்கு மேலே இருந்தது. நான் நாற்காலியை விட்டு எழுவதற்குள் ஐந்தையும் நகர்த்திவிட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட வரைவாளர் ஒருவர்