பரவல் ஓய்ந்த பிறகும் ஆய்வாளர்கள் வேண்டும்

ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கும் குழுக்களின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். புதிய தொற்று பரவும்போது எங்கள் துறைக்குப் பணம் கொட்டுகிறது. அது செய்திகளிலிருந்து மறைந்ததும் பணமும் நின்றுபோகிறது. ஒப்பந்தம் முடிந்த இளம் வைரஸ் ஆய்வாளர்கள் வேறு வேலை தேடிப் போகிறார்கள். இதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

காங்கோவின் வைரஸ் ஆய்வாளர் ழான் ழாக் முயெம்பேயை எண்ணிப் பாருங்கள். 1976இல் அந்நாட்டின் யாம்புக்கு என்ற ஊரில், பெயர் தெரியாத நோயில் கிடந்தவர்களிடம் வெறும் கையால் ரத்தம் எடுத்தவர் அவர். அந்த நோய்தான் எபோலா. 1995இல் அது அங்குள்ள கிக்விட் நகரில் தலைதூக்கியபோது, பிழைத்தவர்களின் ரத்தத்தை எட்டு நோயாளிகளுக்கு ஏற்றினார்கள் அவரும் அவருடைய குழுவினரும். ஏழு பேர் உயிர் தப்பினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லையே என்று வல்லுநர்கள் அதை ஏற்கத் தயங்கினார்கள். அவர் விடவில்லை. கிக்விட்டில் பிழைத்த ஒருவரின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருளே (கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) பின்னர் மருந்தாகி, 2020 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 1976 முதல் அதுவரை ஓடியவை 44 ஆண்டுகள். உங்கள் மூன்றாண்டுத் திட்டப் படிவத்தில் இத்தகைய வாழ்க்கைக்கு இடமே இல்லை.

கொரோனா தடுப்பூசி சில மாதங்களில் வந்ததாகப் பாராட்டினீர்கள். கொரோனா குடும்பத்தைச் சேர்ந்த மெர்ஸ் வைரஸ் 2012இல் தெரியவந்த பிறகு, அதன் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் கூர்ப்புரதம் உருமாறிவிடாமல் நிறுத்திவைக்கும் வழியைச் சிலர் பொறுமையாகத் தேடினார்கள். அந்தப் புரதத்தின் கட்டுமான அலகுகளான அமினோ அமிலங்களில் இரண்டை மாற்றினால் போதும் என்று 2017இல் எழுதினார்கள். 2020 ஜனவரியில் புதிய வைரஸின் மரபணு வரிசை வெளியானது. அதே மாற்றத்தைப் பயன்படுத்திய தடுப்பூசி மார்ச்சில் முதல் மனிதருக்குப் போடப்பட்டது. அந்த வேகம் பழைய உழைப்பின் பலன்.

உயர் பாதுகாப்பு ஆய்வகத்தில், காற்றுக்குழாய் பொருத்திய முழு உடைக்குள் நின்று, தடித்த கையுறையோடு வேலை செய்யப் பழகுவதற்கே நெடுநாள் ஆகும். அந்தப் பக்குவம் ஆளோடு போய்விடும். அவசரம் வந்த பிறகு விளம்பரம் கொடுத்து அதை வாங்க முடியாது.

எனவே நிரந்தரப் பணியிடங்களை உருவாக்குங்கள். பத்தாண்டுக்குக் குறையாத நிதியை உறுதிசெய்யுங்கள். வௌவால்களிலும் கால்நடைகளிலும் வைரஸ் தேடுபவர், இந்த ஆண்டு ஆபத்தானது எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதினால், அதையும் முடிவாக மதியுங்கள். அதற்காக அவருடைய நிதியை வெட்டாதீர்கள். அடுத்த நிதியாண்டின் பட்டியலிலேயே இவற்றைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இளம் ஆய்வாளர்களைப் பயிற்றுவிக்கும் ஒரு வைரஸ் ஆய்வாளர்